பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய அண்டிரிக் அடிகளார்



ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியேறும் நேரத்தில் இரத்மலானையிலோ, வெள்ளவத்தையிலோ, கொட்டாஞ்சேனையிலோ ஒரு கோயில் வாசலில் நின்று சற்றுக் காது கொடுத்துப் பாருங்கள். எத்தனை விதமான தமிழ்! யாழ்ப்பாணத்தார் கதைக்கிறார்கள், மலைநாட்டார் பேசுகிறார்கள். மட்டக்களப்பார் ‘மறுகா’ என்னும் இடத்தில் வடக்கத்தையார் ‘பேந்து’ என்கிறார்கள். தோட்டப் பகுதியிலிருந்து வந்த பிள்ளைக்கு இந்தப் பக்கம் என்பது ‘இங்கிட்டு’. நீர்கொழும்புக் கரையிலிருந்து வந்த மீனவக் குடும்பத்தாரின் பேச்சிலே சிங்களத்தின் சாயல் தானாக வந்து விழும். தொழிலும் படிப்பும் போரும் பலதிசை மக்களைக் கொழும்பிலே கொண்டுவந்து சேர்த்தபடியால், ஒரே வாங்கிலே நான்கு ஊர்த் தமிழ் அமர்ந்திருக்கிறது.

இதிலே ஒரு கவலையும் உண்டு. பிள்ளையைக் கோயிலில் வாசகம் வாசிக்கக் கேட்டால், எங்கள் பிள்ளைக்கு ஒழுங்கான தமிழ் வராது சுவாமி என்று பின்வாங்கும் தாய்மார் இருக்கிறார்கள். ஊர்ப்பேச்சு வாயில் வந்துவிடுமே என்ற கூச்சம். பாட்டியிடம் கற்ற சொல்லைப் பள்ளிக்கூடத்திலே சொல்லிச் சிரிப்புக்கு ஆளான பிள்ளை, அடுத்த நாள் பாட்டியோடு கதைப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இது சின்ன விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஆகையால், யாரும் மதியாத ஒரு கடற்கரைப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்கு இலக்கணமே எழுதிய ஒரு குருவானவரின் வரலாற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். அவர் தமிழரல்லர். தமிழ் நூல் அச்சுக்குத் தந்தை என்று அவரைத் தமிழுலகம் அறியும். ஆனால் அவர் அச்சிட்ட தமிழ் எந்தத் தமிழ் என்பதைப் பலர் கேட்பதில்லை.

போர்த்துக்கல் நாட்டிலே விலா விசோசா என்னும் ஊரில் 1520ஆம் ஆண்டு பிறந்தவர் என்றீக்கே என்றீக்கஸ். நம் மக்கள் வாயில் இந்தப் பெயர் அண்டிரிக் ஆயிற்று. அவருடைய முன்னோர் யூதர்கள். கிறிஸ்தவ மறையைத் தழுவியவர்கள். அக்காலப் போர்த்துக்கலில் இப்படிப்பட்ட குடும்பத்தாரைப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று ஒதுக்கிவைத்துப் பேசுவார்கள். வாலிபனான அண்டிரிக் பிரான்சிஸ்கன் சபையிலே சேர்ந்தார்; வமிசத்தைக் காரணங் காட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பின்பு கொயிம்பிராப் பல்கலைக்கழகத்திலே திருச்சபைச் சட்டம் பயின்றார். 1545இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அச்சபை தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. மறு ஆண்டு கப்பலேறிக் கோவாவுக்கு வந்தார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். பிறப்பினால் தள்ளப்பட்டவர், சமுதாயத்தில் மற்றவர்கள் தாழ்வாக எண்ணிய ஒரு கடற்றொழில் மக்களிடம் வந்து சேர்ந்தார் என்பதை மனதிலே வைத்துக்கொள்ளுங்கள்.

முத்துக்குளித்துறை என்பது தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், வேம்பாறு முதலிய கடற்கரை ஊர்களின் கோவை. அங்கே வாழ்ந்த பரதவ மக்கள் 1535ஆம் ஆண்டுக்கும் 1537ஆம் ஆண்டுக்கும் இடையே ஆயிரமாயிரமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்குப் போதிக்க ஆளில்லை. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருடைய தாய்மொழி பாஸ்கு, மக்களுடையது தமிழ். இரண்டுக்கும் நடுவே போர்த்துக்கேயம். தமிழும் போர்த்துக்கேயமும் ஓரளவு தெரிந்த சிலரைத் தூத்துக்குடியில் கூட்டிவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம் முதலியவற்றை மொழிபெயர்ப்பித்து, அவற்றை மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி ஓதுவித்தார் சவேரியார்.

அந்த மொழிபெயர்ப்பிலே ஒரு பிழை புகுந்தது. இதைச் சவேரியாரே கண்டுபிடித்து, 1544இல் தம் உடனுழைப்பாளராகிய மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் திருத்தச் சொல்லியிருக்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் தொடக்கத்திலே, விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. கடவுளை நம்புகிறேன் என்று சொல்லவேண்டிய மக்கள், மாதக் கணக்காகக் கடவுள் எனக்கு வேணும் என்று ஓதிக்கொண்டிருந்தார்கள்! போர்த்துக்கேய மொழியில் நம்புகிறேன் என்ற சொல்லும் விரும்புகிறேன் என்ற சொல்லும் ஓசையிலே கிட்டத்தட்ட ஒன்று. மொழிபெயர்த்தவர் அங்கே தடுமாறியிருக்கலாம் என்பது எமது ஊகம். கடவுள் வேணும் என்று சொல்வதிலே பாவமில்லை என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. ஆண்டவர் பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில், அவர் மனமுவந்து பட்டார் என்னும் கருத்து மறைந்து, பலவந்தத்தினால் பட்டார் என்று பொருள்படும்படி ஒரு சொல் நின்றது. மீட்பின் மறைபொருளையே தலைகீழாக்கும் பிழை இது. ஒரு சிறு உருபு எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிடுகிறது, பார்த்தீர்களா?

அண்டிரிக் அடிகளார் வந்தபோது நிலைமை இதுதான். முதலில் அவரும் துபாசியை வைத்தே பிரசங்கித்தார். சில காலத்திற்குள் ஒன்றைக் கவனித்தார். தாம் சொல்வது ஒன்று, துபாசி சொல்வது வேறு. பாவசங்கீர்த்தனம் கேட்பதோ இன்னும் சங்கடம். மூன்றாவது ஆளை நடுவில் இருத்தி யார் தன் பாவத்தைச் சொல்வான்? ஆகவே மற்ற அலுவல்களைக் குறைத்துக்கொண்டு இரவு பகலாகத் தமிழிலே விழுந்தார். சுமார் ஐந்து மாத முயற்சிக்குப் பின் துபாசி இல்லாமலே பேசத் தொடங்கிவிட்டார். 1548 ஒக்டோபர் 31ஆம் திகதி வேம்பாற்றிலிருந்து உரோமையில் இருந்த புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்திலே, தாம் தமிழ் பேசவும் வாசிக்கவும் எழுதவும் கற்றதையும், மற்றக் குருக்கள் எளிதாகக் கற்கும்படி இலக்கணக் குறிப்பொன்றை ஆயத்தம் செய்து வருவதையும் அறிவித்தார். அடுத்த ஆண்டு சவேரியாரும் இஞ்ஞாசியாருக்கு எழுதும்போது, அண்டிரிக்கின் தமிழறிவையும், அவர் ஒருவரே இருவர் வேலையைச் செய்வதையும் புகழ்ந்திருக்கிறார்.

இனி அந்த இலக்கணத்துக்கு வருவோம். அக்காலத்திலே தமிழ் கற்கப் புறப்பட்டவனுக்குத் தமிழ்ப் பண்டிதர் என்ன கொடுத்திருப்பார்? நன்னூலைக் கொடுத்திருப்பார். நன்னூல் பெருமை வாய்ந்த நூல்தான். ஆனால் அது செய்யுள் செய்வோருக்கும் செய்யுள் வாசிப்போருக்கும் உரியது. வள்ளம் தள்ளுகிறவன் மனைவியைக் கூப்பிடும்போது வினைச்சொல்லை எப்படி முடிக்கிறான் என்பதை அது சொல்லாது. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கில்லை. அடிகளாருக்கு வேண்டியதோ அதுதான். அவர் கரைக்குப் போனார். மக்கள் வாயிலிருந்து வந்ததை எழுதிக்கொண்டார். நான், நீ, அவன் என்று இடமாற்றி, இன்றைக்கு, நேற்று, நாளை என்று காலம் மாற்றி, ஒரே வினையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவித்து, அட்டவணையாக்கினார். சட்டகம் இலத்தீனுடையது, மாதிரிக்கு யுவாங் தெ பாரோஸ் என்பவர் 1540இல் வெளியிட்ட போர்த்துக்கேய இலக்கணத்தையும் துணைக்கொண்டார். இலத்தீன் சட்டையைத் தமிழுக்கு மாட்டும்போது சில இடங்களில் இறுகியது, சில இடங்களில் தொங்கியது. செமினாரியிலே இலத்தீன் வேற்றுமைகளோடு மல்லாடிய எவருக்கும் இது எளிதாக விளங்கும். ஆனால் சட்டைக்குள் இருந்த உடம்பு உயிருள்ளது: பதினாறாம் நூற்றாண்டில் தென்கரையிலே பேசிய தமிழ்.

தமிழ்ப் புலவர்கள் தம்மிடையே கேட்கும் பேச்சை எழுதிவைக்கவில்லை. எழுதத் தகுந்ததாக அதை எண்ணவில்லை. அதனால் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சாதாரண தமிழன் வீட்டிலே எப்படிப் பேசினான் என்று அறிய இன்று மொழியறிஞர்கள் தேடிப் போகும் சான்றுகளிலே இந்த அன்னியரின் கையேடும் முக்கியமான ஒன்றாக இருக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொல்காப்பியர் வட்டாரச் சொல்லை வெறுத்தவரல்லர். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று சொற்களை நான்காக வகுத்து, செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தாரின் சொல்லுக்கும் செய்யுளிலே இடங் கொடுத்தவர் அவர். திசைச்சொல்லைக் கொச்சை என்று தள்ளுவது பின்னாளில் வந்த பழக்கம்.

அண்டிரிக் அடிகளாரின் வாழ்வு மேசையோடு கழிந்த வாழ்வன்று. 1549இல் வேதாளையிலே அந்தோனியோ கிறிமினாலி அடிகளார் படைவீரரால் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவர். உடன் இருந்த குருக்கள் அண்டிரிக்கைத் தலைவராகத் தெரிந்தெடுத்தார்கள். 1576 வரை அந்தப் பாரம் அவர் தோளில் இருந்தது. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது சிறைப்பிடிக்கப்பட்டார். கடற்கொள்ளைகளும் நாயக்கர் படைகளின் நெருக்குதலும் ஓய்ந்தபாடில்லை.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தபோது, முத்துக்குளித்துறை மக்களில் ஒரு பகுதியினர் அங்கே குடியேற்றப்பட்டார்கள். அவர்களோடு அண்டிரிக் அடிகளாரும் கடல் கடந்து வந்தார். ஆம், வாசகர்களே, தமிழின் முதல் அச்சு நூலை ஆக்கியவர் நம் மன்னார் மண்ணிலே சில ஆண்டுகள் பணி செய்திருக்கிறார். 1561இல் மன்னாரிலிருந்து அவர் எழுதிய கடிதமும் உண்டு. 1544இல் மன்னார் மறைசாட்சிகளின் இரத்தம் சிந்தப்பட்ட அதே மண். அந்த மண்ணின் பேச்சும் அவருடைய காதிலே விழுந்திருக்கும் அல்லவா? பிற்காலத்தில் புன்னைக்காயலிலே, புதிதாக வரும் குருக்களுக்குத் தமிழ் கற்பிக்க ஒரு பள்ளியை நடத்தினார். போர்த்துக்கேயம் மட்டும் தெரிந்த குருவைக் கரையிலே விடுவது ஊமையை விடுவதற்குச் சமம் என்பது அவருடைய எண்ணம்.

அச்சு நூல்களின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறோம். 1554இல் லிஸ்பன் நகரிலே தமிழ்ச் செபங்கள் அடங்கிய சிறு நூல் அச்சாயிற்று. ஆனால் தமிழ் எழுத்திலன்று, உரோம எழுத்தில். அதை ஆக்கியவர்கள் நம்மவர் மூவர். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578 ஒக்டோபர் 20ஆம் திகதி கொல்லத்திலே அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய எழுத்தொன்றிலே அச்சான முதற் புத்தகமும் இதுவே. மறு ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தஞ் செய்யும் நூல். 1586இல் 600 பக்கங்களைத் தாண்டும் ‘அடியார் வரலாறு’. அந்தக் கடைசி நூல் வந்தபோது அவருக்கு வயது 66.

இவற்றின் தமிழ் எப்படிப்பட்டது? இங்கேதான் விவகாரம். பண்டிதர் ஒருவர் இந்நூல்களைக் கையிலெடுத்தால் முதற் பக்கத்திலேயே முகஞ்சுளிப்பார். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை இல்லை. இவை அவருடைய குற்றமல்ல; அக்கால ஓலைகளின் வழக்கம் அது. இந்தக் குறில் நெடில் குழப்பத்தைப் பின்னாளில் வீரமாமுனிவர் தீர்த்துவைத்தார் என்பர். ஆனால் வாக்கியங்களிலே பேச்சு வடிவங்கள் எட்டிப்பார்க்கின்றன. கரையோரச் சொற்கள் கலந்து வருகின்றன. செபமும் ஞானோபதேசமும் ஓதத் தெரிந்த பிள்ளைக்கும், எழுத்தறியாமல் காதாலே கேட்கும் கிழவிக்கும் எட்டவேண்டும் என்றே எழுதப்பட்ட தமிழ் அது. கணக்கப்பிள்ளை கோயிலில் நின்று உரக்க வாசிக்க, முழு ஊரும் கேட்கும். விளங்காத சொல்லைப் போட்டு என்ன பயன்?

ஒரு குறை சொல்லாமல் விடமுடியாது. பேச்சுவழக்கை இவ்வளவு நேசித்தவர், மறையின் முக்கிய சொற்கள் பலவற்றுக்குத் தமிழ் தேடாமல் போர்த்துக்கேயத்தையும் இலத்தீனையும் அப்படியே தமிழ் எழுத்திலே எழுதிவிட்டார். பரிசுத்த ஆவியின் பெயர்கூட அவருடைய நூல்களிலே அன்னியச் சொல்லாகவே நிற்கிறது. ‘எனக்கு வேணும்’ என்ற பிழையைக் கண்டு சூடுபட்ட தலைமுறை அது. தவறான தமிழ்ச் சொல்லைவிடப் பொருள் தெரியாத பிறசொல் ஆபத்தற்றது என்று எண்ணியிருக்க வேண்டும். அந்த அச்சம் எமக்கு விளங்குகிறது. ஆனால் கொடுத்த விலை பெரிது. கிறிஸ்தவம் பறங்கியரின் மார்க்கம் என்ற பேச்சு நாட்டிலே ஊன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது இந்தப் பேச்சோடுதான். அவர் வடசொல் நிறைந்த உயர்வழக்கைக் கையாண்டார். அவருக்குப் பின் கோயில் தமிழ் கரையை விட்டு மண்டபத்துக்கு ஏறிவிட்டது. ‘தம்பிரான்’ போய் ‘சருவேசுரன்’ வந்தார்.

பறங்கியர் கொண்டுவந்த சொற்கள் எல்லாம் அன்னியமாகவே நின்றுவிட்டன என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டுக் கதிரையும் அலுமாரியும், காலிலே போடும் சப்பாத்தும், காலையிலே வாங்கும் பாணும் போர்த்துக்கேயக் கப்பலிலே வந்த சொற்களே. பாட்டிமார் முத்தி செய்யும் குருசும் அப்படியே. மக்களுடைய வாய் ஏற்றுக்கொண்டதும் அது தமிழாயிற்று. எந்தப் பண்டிதரும் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

அண்டிரிக் தொடங்கியதை முறையாகச் செய்து முடித்தவர் வீரமாமுனிவர். அவர் செந்தமிழிலே ‘தேம்பாவணி’ பாடியவர் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே கையால், 1728இல், கொடுந்தமிழுக்கென்று இலத்தீனிலே தனி இலக்கணமும் எழுதினார். 1738இல் அது தரங்கம்பாடியிலே அச்சாயிற்று. குருக்கள் முதலில் கற்கவேண்டியது மக்கள் பேசும் தமிழ், அதற்குப் பின்பே செந்தமிழ் என்ற ஒழுங்கிலே அந்த இரண்டு இலக்கணங்களையும் அமைத்தார். இரண்டையும் அவர் குழப்பவும் இல்லை, ஒன்றுக்காக மற்றதை இகழவும் இல்லை. ஒருவர் இரண்டு தமிழையும் வைத்திருக்கலாம். கோயிலிலே வாசகம் வாசிக்க ஒன்று, அம்மம்மாவோடு கதைக்க ஒன்று. வாசகத்துக்குப் பயிற்சி கொடுங்கள். எழுத்துத் தமிழ் பயிற்சியால் வருவது, யாருக்கும் பிறப்பிலே வருவதன்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் ழகரம் பழகித்தான் வரவேண்டும். அங்கே வீட்டிலே எல்லாரும் வாழைப்பழத்தில் ளகரத்தையே விழுங்குகிறார்கள்! அதே வேளை, ‘உவன்’, ‘உது’ என்று அவர்கள் வாயிலே இன்னும் வாழும் சுட்டு, பழைய இலக்கணங்களிலே உள்ளது. தமிழ்நாட்டுப் பேச்சிலே அது மறைந்துபோயிற்று. எது கொச்சை, எது பழைமை என்று அவசரப்பட்டுத் தீர்ப்பிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அண்டிரிக் அடிகளார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கரையிலேயே இருந்தார். தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. முதுமையில் அவருக்குப் பேச்சுத் துணையும் தமிழாகவே இருந்திருக்கும். 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலிலே, எண்பதாம் வயதிலே, உயிர்நீத்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ப் பனிமய மாதா கோயிலிலே அடக்கம் செய்தார்கள்.

பின்பு நெடுங்காலம் மறதி. அவருடைய நூல்களின் பிரதிகள் நம் நாட்டிலுமில்லை, தமிழகத்திலுமில்லை என்ற நிலை வந்தது. ‘தம்பிரான் வணக்கம்’ அமெரிக்காவிலே ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகத்திலும், ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்திலும் கிடந்தன. இலக்கணக் கையேட்டின் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருந்தது. நம் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொன்னிலே 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், 1950களிலே ஐரோப்பிய நூலகங்களைத் துருவி இவற்றைத் தமிழர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். தூத்துக்குடியிலே இராசமாணிக்கம் அடிகளார் 1963இல் ‘தம்பிரான் வணக்க’த்தையும் 1967இல் ‘அடியார் வரலா’ற்றையும் மறுபதிப்புச் செய்தார். இலக்கணம் 1982இல் ஜேர்மனியிலே பதிப்பிக்கப்பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு விளக்கங்களோடு 2013இல் ஹாவார்ட் வரிசையிலே வெளிவந்தது. எழுதி நானூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல்!

கரையிலே குருக்கள் தொகுத்த சொற்களுக்கு நேர்ந்தது என்ன என்று கேட்பீர்கள். அண்டிரிக் அடிகளார் மறைந்து எழுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1679இல், மலையாளக் கரையிலுள்ள அம்பலக்காட்டில் புரொயென்சா அடிகளாரின் தமிழ் – போர்த்துக்கேய அகராதி அச்சாயிற்று. முன்னிருந்த குருக்களின் தொகுப்புகளை அது பயன்படுத்திக்கொண்டது. வத்திக்கான் நூலகத்தில் தப்பியிருந்த பிரதியைக் கொண்டு, 1966இல் கோலாலம்பூரிலே தனிநாயகம் அடிகளார் அதை மறுபதிப்பாக வெளியிட்டார். பெரிய நூலகங்களிலே தேடினால் கிடைக்கும். கடல், மீன், வலை, வள்ளம் பற்றிய சொற்களைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.